மோரிஸ் மைனரும் கோத்தகிரி இறக்கமும்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டி, முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் சாலையில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தை இழக்கிறது. ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து வண்டி ஆயிரம் கிலோ என்று வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால், வழியில் எங்காவது கரைந்தாக வேண்டிய ஆற்றல் சுமார் 4 யூனிட் மின்சாரம். காற்றும் டயரும் எஞ்சினும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்கச் சூடாக பிரேக் டிரம்மில்தான் இறங்கும். நாலு டிரம்மும் சேர்ந்து இருபது கிலோ இரும்பு என்று வைத்து, அத்தனை ஆற்றலும் அவற்றுக்குள்ளேயே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் கணக்குப் பார்த்தேன். விடை 1,500 டிகிரியைத் தாண்டியது. வார்ப்பிரும்பு அதற்கு முன்னாலேயே உருகிவிடும்.

ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். பிரேக் என்பது வேகத்தைத் திருத்திக்கொள்ள. வண்டியைப் பிடித்துவைத்திருக்க வேண்டியது எஞ்சின். ஆனால் அந்தத் திருத்தல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். அதற்காகத்தான் என் மாமனாரின் 1954 மாடல் மோரிஸ் மைனரின் நாலு சக்கரத்தையும் கழற்றினேன்.

இந்த வண்டியை இங்கே பலர் 'பேபி இந்துஸ்தான்' என்றுதான் அறிவார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டனில் அறிமுகமான மைனரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தப் பெயரில் இங்கே விற்றது. என்னுடையது 803 சி.சி. எஞ்சின், நாலு பக்கமும் 7 அங்குல டிரம். லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக், ஒரே சர்க்யூட். அதாவது நாலு சக்கரத்தில் எந்த மூலையில் ஒரு வாஷர் கிழிந்தாலும் பெடல் தரையைத் தொடும். பிறகு கையில் இருப்பது ஹேண்ட் பிரேக் மட்டும். இரண்டு சர்க்யூட் உள்ள வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது உறைப்பதில்லை. நீலகிரி மலை ரயிலில் இன்னும் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், இன்ஜினை மட்டும் நம்பி இறங்குவதில்லை. மைனரில் அந்த வசதி கிடையாது.

டிரம்மைக் கழற்றுவது சுலபம், இரண்டு ஸ்க்ரூதான். உள்ளே இருக்கும் கரித்தூளை மட்டும் ஏர் பிடித்து ஊதக் கூடாது. டிரம்மில் உரசிப் பிடிக்கும் பட்டைதான் லைனிங், அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் கட்டி எறிந்துவிட வேண்டும். இதை ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பின்சக்கரம் இரண்டிலும் லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. பிரேக் ஆயில் அல்ல, ஆக்சில் ஆயில். மைனரின் பின் ஹப் ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் நேரே டிரம்முக்குள்தான் வரும். சீலை மாற்றாமல் புது லைனிங் போடுவது வீண் செலவு. முன்பக்கம் வீல் சிலிண்டர்கள், அதாவது ஆயில் அழுத்தத்தில் லைனிங் தாங்கிய ஷூவை டிரம்மில் அழுத்தும் சின்ன உருளைகள், துருவில் இறுகிப்போயிருந்தன. கோத்தகிரியில் ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை முழுசாக விடுவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4க்கு 230, 155. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் உள்ளே போகும். கொதிக்காவிட்டாலும் அந்தத் தண்ணீர் சிலிண்டரின் உள்சுவரை அரித்துக்கொண்டிருக்கும். இங்கே பழைய வண்டிகள் ஓடிச் சாவதை விட ஷெட்டில் நின்று சாவதுதான் அதிகம்.

இனி ஸ்பேர் தேடல். முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்: சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகள், புதுப்பேட்டை, கோவை உக்கடம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி "என்ன வண்டி?" பதில் சொன்னதும் இரண்டாவது கேள்வியே வராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா இருப்பது சென்னைப் பாடியில். சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடி, ரானேயின் பிரேக் லைனிங் ஆலையும் சென்னைதான். நாடு முழுக்க வண்டியை நிறுத்துகிற சாமான்கள் புறப்படும் ஊரில் என் சின்ன வண்டிக்கு ஒன்றும் இல்லை.

கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் அரவேனு பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். "வண்டிப் பேரச் சொல்லிக் கேக்காதீங்க தம்பி. அளவச் சொல்லிக் கேளுங்க. கடைக்காரருக்கு மைனர் தெரியாது, முக்கால் இஞ்சு தெரியும்."

அவர் குடும்பம் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. 1964இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வரவேண்டியவர்கள் என்று 5,25,000 பேரைக் கணக்கெழுதினார்களே, அந்தக் கணக்கில் அவருடைய அப்பாவும் ஒருவர். அப்படி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில்தான் அப்பாவுக்கு வேலை. பழைய கதை பேசும்போது அப்பா அந்த நாட்டு வண்டிகளைப் பற்றியும் பேசுவாராம். இலங்கையில் மைனர் இன்றும் ரோட்டில் ஓடும் வண்டி, காட்சிக்கு நிற்பதல்ல. இங்கிலாந்தில் மைனர் பிரியர்கள் வாங்குகிற பாடித் தகடுகளில் சில அங்கே செய்யப்பட்டவை. ஓடுகிற வண்டிக்குத்தானே ஸ்பேர் கிடைக்கும்? "எங்க சித்தப்பா மகன் கொழும்புல இருக்கான், கேட்டுப் பாப்போம்" என்றார். லண்டனுக்கு மெயில் எழுதி, பவுண்டில் விலை பார்த்து மலைத்துக்கொண்டிருந்த எனக்கு, வழி இத்தனை பக்கத்தில் இருக்குமென்று தோன்றவேயில்லை.

முதலில் வண்டியில் இருந்ததை எல்லாம் அளந்தோம். பின்சக்கர வீல் சிலிண்டரின் துளை வெர்னியரில் 19.05 மில்லிமீட்டர் காட்டியது. சரியாக முக்கால் அங்குலம். இதில்தான் விஷயமே இருக்கிறது. ஜப்பான் வழி வந்த வண்டிகளின் ஸ்பேர் கேட்லாக்கைப் புரட்டினால் சிலிண்டர் அளவுகள் 17.46, 19.05, 20.64, 22.22 என்று விசித்திரமாக இருக்கும். முழு மில்லிமீட்டரில் ஏன் இல்லை? அவை எல்லாம் அங்குலத்தின் பதினாறில் பங்குகள்: 11, 12, 13, 14. நட்டும் போல்ட்டும் மெட்ரிக்குக்கு மாறிய பிறகும் சிலிண்டர் துளை மட்டும் அங்குலத்திலேயே தங்கிவிட்டது. அதனால் முக்கால் அங்குல ரப்பர் கப் இன்றைக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். அட்டைப்பெட்டியில் வேறு வண்டியின் பெயர் போட்டிருக்கும், அவ்வளவுதான். கப்பின் உதடு, உயரம், பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் தலை ஆகியவற்றைப் பழையதோடு வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். துளை ஒத்துப்போனால் மட்டும் போதாது.

அரித்துப்போன பின் சிலிண்டர்களைக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, துளையைப் பெரிதாக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் இறக்கி மறுபடி 19.05க்குக் கொண்டுவந்தோம். பட்டறைக்காரர் "பத்தொம்போதுன்னு ரவுண்டா வச்சுக்கலாமே சார்" என்றார். வேண்டாம் என்றேன். மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு வித்தியாசம் ரப்பருக்குப் பெரிதில்லைதான். ஆனால் இருபது வருஷம் கழித்து இதைத் திறக்கப்போகிற ஒருவருக்குக் கப் கிடைக்க வேண்டுமே.

மரை விஷயம் வேறு. அங்கே அங்குலமும் மெட்ரிக்கும் பகை. மைனரின் பிரேக் பைப் நட் 3/8 அங்குல யு.என்.எஃப். என்ற அங்குல நுண்மரை வகை, அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய கார்களில் அதே இடத்தில் எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மெட்ரிக் நட், 1 மில்லிமீட்டர் மரை. 3/8 என்பது 9.53 மில்லிமீட்டர், அதன் மரை இடைவெளி 1.06. கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். எம்10 துளையில் 3/8 நட்டை வைத்துத் திருகினால் முதலில் சுகமாகப் போகும், பிறகு இறுகும். இறுகியதும் "ஃபிட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். பிரேக்கை உதைக்கும்போது அந்த மரை பிய்த்துக்கொண்டு வரும். கையில் மரை அளக்கும் த்ரெட் கேஜ் ஒன்று இல்லாமல் யாரும் பிரேக் பைப்பில் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. விலை ஒன்றும் பெரிதில்லை. அம்பாசிடரும் மோரிஸ் வழி வந்ததால் அதன் பழைய மாடல் நட்டுகள் உக்கடத்தில் கிடைத்தன. கேஜ் வைத்துப் பார்த்தே எடுத்தேன். பைப் முனையை விரிப்பதிலும் வகை உண்டு. இரட்டை மடிப்பு ஒன்று, காளான் தலை மாதிரி வருவது ஒன்று. எந்த இருக்கைக்கு எதுவோ அதுதான் கசியாமல் உட்காரும். வெறும் செம்புக் குழாய் போடலாம் என்பவர்களும் உண்டு. செம்பு அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும். செம்பு - நிக்கல் கலவைக் குழாய் நல்லது, இல்லாவிட்டால் ஸ்டீல் பண்டி டியூப்.

கொழும்பிலிருந்து வந்தது நான் கேட்டதை விடப் பெரிய சாமான். மைனரில் 1962இல் 1098 சி.சி. எஞ்சின் வந்தபோது முன் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். அந்த 8 அங்குல செட் ஒன்று, பேக் பிளேட், ஷூ, சிலிண்டர், டிரம் எல்லாம் சேர்த்து, ஓட்டம் முடிந்த ஒரு வண்டியிலிருந்து கிடைத்தது. என் வண்டியில் எதையும் வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே ஏறியது. அதே அழுத்தத்துக்கு அரை அங்குலம் கூடுதல் ஆரத்தில் பிடிப்பதால் ஏழில் ஒரு பங்கு பலம் கூடும். அதை விட முக்கியம், சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு கூடுதல்.

இதற்கு நடுவில் டிஸ்க் பிரேக் போடச் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. இங்கிலாந்தில் மோரிஸ் மரீனாவின் பாகங்களை வைத்து மைனருக்கு டிஸ்க் மாட்டுவது பழகிய வேலைதான். ஆனால் டிஸ்க் தானாக இறுகாது, டிரம் இறுகும். மைனரின் முன்பக்கம் இரண்டு ஷூவும் சக்கரம் சுற்றும் திசையிலேயே டிரம்முக்குள் இழுபட்டு, கால் கொடுத்ததை விட அதிகமாகப் பிடிக்கும் அமைப்பு. டிஸ்க்குக்கு மாறினால் அந்த உதவி போய்விடும், பெடலை இன்னும் பலமாக மிதிக்க வேண்டும், அல்லது பூஸ்டர் வேண்டும். டிரம் பிரேக்கில் ரப்பர் கப் காற்றை உள்ளிழுக்காதிருக்க, பெடல் நேராகத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் கடைசியில் ஒரு வால்வு லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். ஒன்றைத் தொட்டால் ஒன்பதைத் தொட வேண்டும். 803 சி.சி. வண்டிக்கு அது வேண்டாம் என்று தீர்மானித்தேன். மாஸ்டர் சிலிண்டரையும் பெரிதாக்கினால் பிரேக் கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 7/8 அங்குலத்துக்குப் பதில் 1 அங்குலம் போட்டால் பரப்பு முப்பது சதவீதம் கூடும். பெடல் உயரமாக நிற்கும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதே பிடிக்கு முப்பது சதவீதம் அதிகமாக உதைக்க வேண்டும்.

முன்பக்கத்து அந்த அமைப்புக்கு ஒரு குறை உண்டு. சமவெளிக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. வண்டி பின்னால் உருளும்போது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். டிரம்முக்குள் இழுபட்ட அதே ஷூக்கள் டிரம்மை விட்டுத் தள்ளப்படும். பிடி வெகுவாகக் குறைந்துவிடும். கோத்தகிரி சந்தை நாளில் ஏற்றத்தில், முன்னால் பஸ், பின்னால் ஜீப் என்று நின்று பாருங்கள். பிரேக்கை மிதித்தபடியே வண்டி பின்னால் நகரும். அப்போது காப்பாற்றுவது பின்சக்கரத்தின் ஹேண்ட் பிரேக். அதனால் பெடலுக்குக் கொடுத்த அதே கவனத்தை இரண்டு ஹேண்ட் பிரேக் கேபிள்களுக்கும் கொடுத்தோம். உள்கம்பி புதிது, இரண்டு பக்கமும் ஒரே நீளம், நன்றாகக் கிரீஸ். ஆனாலும் மழைக்காலத்தில் ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் விடியும்போது ஷூவும் டிரம்மும் துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவதுதான் இங்கத்தி வழக்கம்.

லைனிங்குக்கு மேட்டுப்பாளையம். லாரி ஊர், லைனிங் அடிக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கடையில் லாரி லைனிங்கையே வெட்டி ரிவெட் அடித்துத் தருகிறேன் என்றார்கள், "பத்து வருசத்துக்குத் தேயாது சார்". தேயாதுதான், பிடிக்கவும் பிடிக்காது. கனரக வண்டிக்கான கெட்டி லைனிங் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் பனியில் முதல் வளைவில் என் வண்டி எப்படிச் சூடேறும்? காருக்கான மென்மையான ரகத்தைக் கேட்டு வாங்கி, ரிவெட் தலை லைனிங்குக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்தோம்.

டிரம்மை லேத்தில் கடைவதில் எல்லாரும் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். கொழும்பு டிரம்மில் வரிவரியாகப் பள்ளம், கொஞ்சம் கோணலும் இருந்தது. கடைந்தால் வட்டம் சரியாகும், ஆனால் உள்விட்டம் பெரிதாகும். விட்டத்தில் 1 மில்லிமீட்டருக்கு மேல் நான் விடுவதில்லை. டிரம் மெலிந்தால் சூட்டைத் தாங்காது. சரி, டிரம் பெரிதானபின் பழைய வளைவிலேயே இருக்கும் ஷூ அதில் எப்படி உட்காரும்? நடுப்பகுதி மட்டும் தொடும், இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்கும். புது லைனிங் போட்டும் பிரேக் மோசம் என்று பலர் புலம்புவதன் காரணம் இதுதான். லைனிங்கின் உரசும் பக்கத்தை டிரம்மின் புது ஆரத்துக்குத் தேய்த்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்று இருந்த மெஷின்கள் இப்போது அபூர்வம். அண்ணன் டிரம்மின் உள்ளே சாக்பீஸ் பூசி, ஷூவை வைத்து ஆட்டி, வெள்ளை ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் எடுத்தார். மறுபடி பூசி மறுபடி எடுத்தார். இட்லிக்கு மாவு ஆட்டுகிற பொறுமை வேண்டும். கடைசியில் லைனிங் முழுக்க ஒரே சீராக வெள்ளை ஒட்டியது. நாலு முன் ஷூவுக்கும் இது. இந்த வேலைக்குக் கூலி கேட்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. "இத யாரு தம்பி பில்லுல எழுதுவா?"

மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, சொன்னால் கோபம்தான் வரும். டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே, சேஸிஸுக்குள் வைத்திருக்கிறார்கள். போல்ட்டை உருவப் போனால், முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். ஆயில் ஊற்றும் மூடி கார்ப்பெட்டுக்கு அடியில். மூடியைத் திறக்குமுன் சுற்றி இருக்கும் மண்ணைத் துடைக்காவிட்டால் அத்தனையும் உள்ளே போகும்.

ஏர் எடுப்பது, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் தொடங்கி, கிட்டே வரும் வேலை. அதற்கு முன்னால் எல்லா ஷூவையும் டிரம்மோடு இறுக்கிவிட்டால் சிலிண்டரில் காற்றுக்கு இடம் குறையும். பிறகு அட்ஜஸ்டர்: முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு ஒன்று. சக்கரம் பூட்டும் வரை திருகி, ஒரு கிளிக் பின்னால். முன்சக்கரத்தில் இரண்டில் ஒன்றை மறந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்; ஆளோ சஸ்பென்ஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

முதல் இறக்கத்தை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வைத்துக்கொண்டோம், டூரிஸ்ட் வண்டிகள் வருமுன். அரவேனு தாண்டியதும் இரண்டாம் கியர். எஞ்சின் முனக, வளைவுக்கு முன் ஒரு மிதி, விடு. ஒரு மிதி, விடு. காலை பிரேக்கிலேயே வைத்திருக்க அண்ணன் விடவில்லை. விட்ட இடைவெளியில்தானே டிரம் காற்று வாங்கும்? டிரம் சூட்டில் விரியும், ஷூவை விட்டு விலகும், பெடல் நீளும். டிஸ்க்கில் இந்தச் சிக்கல் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். குஞ்சப்பனையில் ஓரங்கட்டி, சூடு பார்க்கும் கருவியால் நாலு சக்கரத்தையும் பார்த்தோம். முன் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பின் இரண்டில் இடது பக்கம் சற்றுக் கூடுதல். ஹேண்ட் பிரேக் கேபிள் ஒரு மரை இறுக்கம். அங்கேயே தளர்த்தினோம். பெடல் கோத்தகிரியில் நின்ற உயரத்திலேயே நின்றது.

கழற்றிய 7 அங்குல முன் செட்டை எண்ணெய் தடவிக் கட்டி வைத்திருக்கிறேன். வால்பாறையில் பேபி இந்துஸ்தான் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மாடல் வருஷம் எழுதி அனுப்பினார். டிரம்மின் உள்விட்டத்தையும் சிலிண்டர் துளையையும் வெர்னியரில் பார்த்துச் சொல்லுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.